எட்டு கெஜம்

தாத்தா சொன்ன தோட்டக் கதைகளில் எங்களை அதிகம் சிரிக்க வைத்தது துரை பாவாடை கட்டிய கதைதான். தாத்தா துரை பங்களாவில் வேலை பார்த்தவர். வருடத்தில் ஒரே ஒரு நாள், நவம்பர் மாதக் கடைசி நாளில், பெரிய துரை பெட்டியிலிருந்து கட்டம்போட்ட கம்பளித் துணியொன்றை எடுத்து வெளியே வைப்பாராம். தாத்தா கரிப்பெட்டியில் கங்கு போட்டு, ஈரத்துணி விரித்து, அதன் மடிப்புகளைத் தேய்க்க வேண்டும். "இருபத்தெட்டு மடிப்புடா. எண்ணிப் பாத்திருக்கேன். ஒண்ணு கோணினாலும் தூக்கி மூஞ்சில அடிப்பான்." சாயங்காலம் துரை அதைக் கட்டிக்கொண்டு, முட்டி தெரிய காரில் ஏறி கிளப்புக்குப் போவார். லயத்துப் பெண்கள் வேலி ஓரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்களாம்.

அது ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் திருநாள் என்றோ, அந்தப் பாவாடையின் பெயர் கில்ட் என்றோ தாத்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததே பிற்பாடுதான்.

போன வருடம் கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் கூப்பிட்டான். ஜூலையில் கல்யாணம், பெண் ஸ்காட்லாந்துக்காரி, இடம் இன்வெர்னெஸ் பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு. "மாமா, நம்ம பக்கத்துல நீங்க, நான், தம்பி மூணு பேரும் கில்ட் போடலாம்னு இருக்கோம். இடுப்பளவு அனுப்புங்க. பேண்ட் போடற இடம் இல்ல, தொப்புளுக்கு நேரா அளக்கணும். அப்புறம் அங்கேருந்து முட்டி நடுவுக்கு எவ்வளவுன்னு."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. துரையின் துணியைத் தேய்த்தவரின் பேரன் அதை வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொள்வது கௌரவமா கேவலமா என்று எனக்கே தெளிவாகவில்லை. தெளிவில்லாத இடத்தில் படிப்பதுதான் என் வழக்கம். இரண்டு மாதம் படித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, துரை கட்டிய அந்தத் தைத்த பாவாடை அப்படியொன்றும் ஆதிகாலத்து உடை இல்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதியான ஹைலண்டில் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சாதாரண சனங்கள் உடுத்தியது ஒரு பெரிய கம்பளிப் போர்வையை. தைப்பே கிடையாது. அந்தக் காலத் தறிகள் குறுகலானவை என்பதால் இரண்டு துண்டை நீளவாக்கில் சேர்த்து மூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அதைத் தரையில் விரித்து, நடுப்பகுதியைக் கொசுவமாக மடித்து, அதன் மேல் படுத்து, இரண்டு பக்கத்தையும் இழுத்து மூடி வாரால் கட்டிக்கொண்டு எழுந்தால் இடுப்புக்குக் கீழே பாவாடை, இடுப்புக்கு மேலே தொங்கும் மீதித் துணி. மழை வந்தால் அந்த மீதியைத் தலைக்குப் போடலாம். ராத்திரி அவிழ்த்தால் அதுவே படுக்கை. மாடு மேய்ப்பவனுக்கும் சேற்று நிலத்தில் நடப்பவனுக்கும் இதைவிடத் தோதான உடுப்பு கிடையாது. கால்சட்டை நனைந்தால் காயாது, வெறும் கால் உடனே காய்ந்துவிடும். நம் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிய அதே கணக்கு.

அந்தப் போர்வையின் கீழ்ப்பாதியை மட்டும் தனியாக வெட்டி, கொசுவத்தைத் தைத்து நிலையாக்கியதுதான் இன்றைய கில்ட். வெட்டியது யார் என்பதில்தான் சண்டை. 1785இல் எடின்பரோ பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கடிதம், அது தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் செய்த வேலை என்கிறது. லங்காஷயரிலிருந்து வந்த குவேக்கர். 1720களின் கடைசியில் இன்வெர்காரியில், கிளெங்காரி குலத்தலைவரின் காட்டைக் குத்தகைக்கு எடுத்து இரும்புலை நடத்தியவர். மரம் வெட்டவும் உலையில் நிற்கவும் வந்த ஹைலண்ட் கூலிகளுக்கு அந்தப் பெரிய போர்வை இடைஞ்சலாக இருந்ததாம். அதனால் ஒரு தையல்காரரைப் பிடித்து அதைச் சுருக்கினார் என்பது கதை. சரித்திர ஆசிரியர் ஹ்யூ ட்ரெவர் ரோப்பர் 1983இல் இதை எடுத்துவைத்து, ஸ்காட்லாந்துக்காரர்களின் தேசிய உடையே ஓர் இங்கிலீஷ் முதலாளியின் தொழிற்சாலைச் சீருடைதான் என்கிற மாதிரி எழுதினார். அதற்கு முன்பே சின்னக் கில்ட் இருந்தது என்று மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் காட்டும் சான்றுகளும் லேசானவை அல்ல. இடையில் ஒரு வேடிக்கை: ஊரார் பாரம்பரியமெல்லாம் பொய் என்று நிறுவிய இதே மனிதர்தான் அதே 1983இல் ஹிட்லரின் போலி நாட்குறிப்புகளை அசல் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்.

என்னை உறுத்தியது வேறு. ராலின்சன் கதை உண்மையோ பாதி உண்மையோ, அதில் ஒரு முதலாளி இருக்கிறான், குத்தகைக் காடு இருக்கிறது, வேலைக்குத் தோதாக உடம்பையும் உடுப்பையும் மாற்றிக்கொள்ளும் கூலிகள் இருக்கிறார்கள். இந்தப் படத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

பிறகு 1746. ஏப்ரல் 16ஆம் தேதி, இன்வெர்னெஸுக்கு அருகிலுள்ள கல்லோடன் பொட்டலில், ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற நினைத்த சார்ல்ஸ் எட்வர்டின் படை ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. எதிர்ப்படையை நடத்தியவர் ராஜாவின் மகன் கம்பர்லேண்ட் பிரபு. போருக்குப் பிறகு அவர் நடத்திய வேட்டைக்காக ‘கசாப்புக்காரன்' என்று பெயரெடுத்தவர். அந்த வருடமே லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் சிறுவனும் போர்வை, கில்ட் என ஹைலண்ட் உடை எதையும் அணியக்கூடாது. மேலங்கிக்குக்கூட டார்ட்டன் எனப்படும் அந்தக் கட்டம்போட்ட துணி ஆகாது. பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, ஜாமீன் கிடையாது. மறுபடி பிடிபட்டால் ஏழு வருடத்துக்குக் கடல் கடந்த ‘தோட்டங்களுக்கு' அனுப்பப்படுவான். அந்தக் காலச் சட்ட மொழியில் அந்தச் சொல்லுக்குக் குடியேற்ற நாடுகள் என்று பொருள். இருந்தாலும் அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். தோட்டத்துக்கு அனுப்புவது அங்கே தண்டனை.

ஒருவன் உடுத்துவதைத் தடுப்பது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் மாற்று உடை வாங்கக் காசில்லாத குடும்பத்தில் அந்தப் போர்வைதான் உடை, படுக்கை, குடை எல்லாமே. கேலிக் மொழிக் கவி டங்கன் பான் மெக்கின்டயர் கால்சட்டையைப் பழித்தே ஒரு பாட்டுக் கட்டினார். அவர் கலகக்காரரல்ல. ஃபால்கர்க் போரில் அரசாங்கப் பக்கம் நின்றவர். ராஜாவுக்காகச் சண்டை போட்டவனுக்கும் ராஜாவை எதிர்த்தவனுக்கும் ஒரே தண்டனை என்பதுதான் அவரைச் சுட்டது.

சட்டத்தில் ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. ராணுவம். பிரிட்டிஷ் ராஜாவின் ஹைலண்ட் ரெஜிமென்டில் சேர்ந்தால் கில்ட் கட்டலாம். தன் உடுப்பை உடுத்த ஆசைப்படுகிறவன் அடுத்தவன் நாட்டைப் பிடிக்கக் கிளம்ப வேண்டும். அப்படித் திரட்டிய படைகள் வட அமெரிக்காவுக்குப் போயின, இந்தியாவுக்கும் வந்தன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் துடைத்தழித்தார்களே, அதில் ஹைலண்ட் ரெஜிமென்டின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஊரில் தடை இன்னும் நீங்காத காலம் அது. தடை நீங்கியது 1782 ஜூலையில்.

முப்பத்தைந்து வருடம் என்பது ஒரு தலைமுறை. அதற்குள் சனங்கள் கால்சட்டைக்குப் பழகிவிட்டார்கள். தடை போனதும் கில்டை ஆசையாக எடுத்துக் கட்டியவர்கள் மாடு மேய்த்தவர்கள் அல்ல. லண்டனில் சங்கம் வைத்திருந்த கனவான்களும் நிலப்பிரபுக்களும்தான். 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் குலத்தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் குலத்துக்குரிய டார்ட்டன் எது, ஒரு துண்டு அனுப்புங்கள் என்று கேட்டது. பலருக்குப் பதில் தெரியவில்லை. துணி வேண்டுமானால் பானக்பர்னில் வில்சன் குடும்பத்து நெசவாலை இருந்தது. அவர்கள் பல கட்டங்களை வெறும் எண் போட்டுத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். எண்ணாக இருந்தவற்றில் சில பிறகு குலப்பெயர் பெற்றன. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்று இன்று கல்யாண வாடகைக் கடையில் பயபக்தியோடு புரட்டுகிற பட்டியலின் பிறப்பு இதுதான்.

உச்சக்கட்டக் கூத்து 1822 ஆகஸ்டில் நடந்தது. நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருக்கும் ராஜா ஒருவர் ஸ்காட்லாந்தில் காலெடுத்து வைத்து 170 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். நகரமே டார்ட்டன் உடுத்த வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். தாழ்நிலத்து வக்கீல்களும் வியாபாரிகளும் அதுவரை திருடர் உடுப்பு என்று இகழ்ந்ததைத் தைக்கக் கொடுத்தார்கள். ராஜாவின் உடுப்புக்கு மட்டும் ஆன செலவு 1,354 பவுன். பருத்த உடம்பு. கில்டுக்குக் கீழே முட்டி தெரியாமலிருக்கத் தோல் நிறத்தில் காலுறை மாட்டியிருந்தார். அந்தப் பயணத்தில் அவர் அதை அணிந்தது ஒரே ஒரு தடவை. கல்லோடனின் கசாப்புக்காரர் இவருக்குத் தாத்தாவின் தம்பி முறை.

இந்தக் கூத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிளெங்காரியின் அலாஸ்டர் மெக்டொனல். ராலின்சனுக்குக் காட்டைக் குத்தகைக்கு விட்ட அதே குலத்தின் அப்போதைய தலைவர். எடின்பரோ சங்கத்தார் உடுத்துவது போலி, நான்தான் அசல் ஹைலண்டன் என்று சண்டை போட்டார். ரேபர்ன் வரைந்த அவருடைய ஓவியத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். அத்தனை மிடுக்கு. அந்த மிடுக்குக்கான செலவு குத்தகைக்காரர்களின் வாடகையிலிருந்து வந்தது. கிளெங்காரி நிலத்திலிருந்து கூட்டம் கூட்டமாகக் குடிகள் கனடாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே மட்டுமல்ல. மலையெங்கும் அதே காலத்தில் அதே கதை. ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை வந்தது. மனிதர்களைவிட ஆடுகள் அதிக வாடகை கட்டின. சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் கூரைகளைக் கொளுத்திக் குடிகளை வெளியேற்றினார்கள். கொளுத்தச் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏஜென்ட் பேட்ரிக் செல்லரை 1816இல் இன்வெர்னெஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவரே பிறகு அங்கே பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர். சதர்லாந்தில் பிறந்த இன்னொருவர் ஜேம்ஸ் மேதிசன். நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்தான், ஜார்டின் மேதிசன் கம்பெனியின் மேதிசன். சீனாவுக்கு அபின் விற்ற பணத்தில் 1844இல் லூயிஸ் தீவு முழுவதையும் 1,90,000 பவுனுக்கு வாங்கினார். பஞ்சத்துக்குப் பிறகு 1851 முதல் வாடகை கட்ட முடியாத குடிகளைச் சொந்தச் செலவில் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். தருமம் என்று எழுதியவர்களும் உண்டு.

ஆக, மலையில் ஆள் குறையக் குறைய நகரத்தில் கில்ட் கூடியது. 1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று பெயர் சூட்டிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழைய ஓலைச்சுவடி மாதிரி ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்ததாகச் சொல்லி எழுபத்தைந்து டார்ட்டன்கள் கொண்ட ஆடம்பரப் புத்தகம் போட்டார்கள். போலி. ஆனால் அதிலுள்ள பல இன்றும் குல டார்ட்டன்களாகப் புழங்குகின்றன. 1848இல் விக்டோரியா மகாராணி பால்மோரலைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு வாங்கியும் விட்டார். அவருடைய கணவர் ஆல்பர்ட் தாமே ஒரு டார்ட்டன் வடிவமைத்தார், சாம்பல் நிறத்தில். அந்த நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் மலாயாவுக்குத் தோட்டம் போட வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பெட்டியில் எடுத்து வந்தது இந்த விக்டோரியா காலத்துக் கில்டை. நிபோங் திபாலில் கலிடோனியா என்று ஒரு தோட்டம் உண்டு, ஸ்காட்லாந்துக்கு ரோமானியர் வைத்த பெயர். ஹைலண்ட்ஸ் அண்ட் லோலண்ட்ஸ் என்றே ஒரு ரப்பர் கம்பெனி இருந்தது. வந்தவர்களில் வெளியேற்றியவர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள், வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். கித்தாக் காட்டில் பிரட்டுக்கு நின்றவர்களுக்கு எல்லாருமே துரைதான்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, என்ன கலர் போடறீங்க?" என்றான்.

கடையிலிருந்து வந்த படிவத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அதற்கு முன் அக்கா வேறு குறுக்கே வந்தாள். "கட்டம்போட்ட துணிதானே வேணும்? நம்ம கைலி போதாதா?" சிரித்தாலும் அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அந்தக் கட்டம்போட்ட கைலியை ‘காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே உள்ள துறைமுகம், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி அங்கிருந்து துணி ஏற்றுமதி செய்த ஊர். ஊர்ப்பெயரைத் துணியின் மேல் ஒட்டி உலகம் சுற்ற வைத்தவர்கள் நாமும்தான். ஆனால் இன்வெர்னெஸ் கல்யாணத்துக்குக் கைலி சரிவராது என்று அவளே முடித்துவிட்டாள்.

படிவத்தில் முதல் கேள்வி டார்ட்டன். பெண் வீட்டுக்குக் குலப்பெயர் எதுவும் பெரிதாக இல்லை. அவள் அப்பா காணொளியில் வந்தபோது கேட்டேன். அவர் தாத்தா கிழக்குக் கரையில் மீன்பிடித்தவர், வாழ்நாளில் கில்ட் கட்டியதில்லை. அப்பாவும் கட்டியதில்லை. தாம் முதன்முதலாகக் கட்டியது 1990களில் ஒரு நண்பன் கல்யாணத்துக்கு, அதுவும் வாடகைக்கு என்றார். எனக்கு அங்கேதான் பாரம் இறங்கியது. அந்த உடுப்பு அவருக்கும் பரம்பரைச் சொத்து இல்லை. பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

குலமில்லாதவர்கள் எல்லாரும் போடலாம் என்று கடை சிபாரிசு செய்தது பிளாக் வாட்ச். கரும்பச்சையும் கருநீலமும், பார்க்க அழகு. நான் வேண்டாமென்றேன். 1725இல் ஜெனரல் வேட் ஹைலண்டைக் கண்காணிக்க அமர்த்திய காவல் கம்பெனிகளிலிருந்து வளர்ந்த ரெஜிமென்டின் துணி அது. அதன் இன்னொரு பெயரே அரசாங்க டார்ட்டன். கங்காணிச் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல் ஸ்டூவர்ட்டின் சிவப்பு பிஸ்கட் டப்பா மாதிரி இருந்தது. கடைசியில் குலமும் ரெஜிமென்டும் இல்லாத, வெறும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். புதிதாக டார்ட்டன் உருவாக்கிப் பதிவு செய்வதற்கு 2009 முதல் அரசாங்கமே ஒரு பதிவேடு நடத்துகிறது. சிங் என்ற பெயருக்கே டார்ட்டன் இருக்கிறது. அந்தத் துணிக்குப் பிறவி முக்கியமில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்தது கோட்டு. பிரின்ஸ் சார்லி என்ற குட்டையான கறுப்புக் கோட்டும் வில் டையும் ராத்திரி விருந்துக்குரியவை. பகல் கல்யாணம், அதுவும் கோடை என்றால் ட்வீடில் ஆர்கைல் கோட்டு, நீள டை. வெயில் ஏறினால் கோட்டைக் கழற்றிவிட்டு இடுப்புச் சட்டையோடு நிற்கலாம். முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற பை பகலுக்குத் தோலில் போதும், ரோமம் வைத்தது ராத்திரிக்கு. கில்டில் பாக்கெட் கிடையாது, அதனால்தான் அந்தப் பை. ஊசியை மேல்துணியில் மட்டும் குத்த வேண்டும், உள்துணியோடு சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்துக் கிழியும். காலுறை வெள்ளை வேண்டாம், பேண்ட் வாத்தியக்காரர் மாதிரி இருக்கும் என்று மருமகன் எச்சரித்தான். முழுக் கில்டுக்கு எட்டு கெஜம் துணி, கெட்டிக் கம்பளி. கோடைக்கு ஐந்து கெஜத்தில் லேசானது இருக்கிறது என்று படிவம் சொன்னது. நான் எட்டு கெஜத்துக்கே டிக் போட்டேன். காரணம் தாத்தாவின் எண்ணிக்கை.

அந்தக் கோடையை நம்பி லேசானதை எடுத்திருந்தால் செத்திருப்பேன். ஜூலையில் பதினைந்து டிகிரி, தூறல். காற்று நின்றால் மிட்ஜ் என்கிற பொடிக்கொசு முட்டியைத் தேடி வந்து கடிக்கும். ஆனால் கம்பளி இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கொடுத்த சூடு, வேட்டியை இறுக்கிக் கட்டிய மாதிரி ஒரு தைரியம். பெண்ணின் அப்பா என் ஸ்போரனைச் சரிசெய்துவிட்டு, தன்னுடையது கோணலா என்று என்னிடம் கேட்டார். கோணல்தான். பைப் ஊதியவருக்கு நான் மலேசியா என்றதும் சிலிம் ரிவரைத் தெரிந்திருந்தது. அவருடைய பழைய ரெஜிமென்ட் ஆர்கைல்காரர்கள். 1942 ஜனவரியில் அங்கே ஜப்பானிய டாங்கிகளிடம் சிதைந்து, மிஞ்சியவர்கள் 31ஆம் தேதி காலை பைப் ஊதிக்கொண்டு ஜொகூர் பாலத்தைக் கடந்த கடைசிப் படை. அவர்கள் காட்டில் கில்ட் கட்டியிருக்கவில்லை, அரைக்கால் சட்டைதான் என்றார். எங்கள் துரைகளும் வருடத்துக்கு ஒரு நாள் தவிர அப்படித்தான் என்றேன்.

ராத்திரி அறையில் அம்மாவை அழைத்துக் காட்டினேன். எண்பத்திரண்டு வயது. திரையில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, "திரும்பு, பின்னாடி பாக்கணும்" என்றார். திரும்பினேன். "மடிப்பு எத்தினிடா இருக்கு?"

கில்டைக் கழற்றி மெத்தைமேல் குப்புற விரித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். இருபத்தேழு வந்தது. தாத்தா தப்பாக எண்ணியிருக்கலாம் என்றேன். "அவரு தேய்ச்சவருடா" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி எண்ணச் சொன்னார்.